ஒன்பது வயதுப் பிறழ்சாட்சி

ஒன்பது வயது சஷ்டிகா நீதிமன்றத்தில் பிறழ்சாட்சி ஆகிவிட்டாள் என்ற செய்தி, இருபத்தொரு வயது சஷ்டிகாவுக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து சேர்ந்தது. கண் மருத்துவமனையின் ஊழியர் அறையில் டிபன் பாக்ஸைத் திறந்து, புளியோதரையில் கிடந்த வேர்க்கடலையை முதலில் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாள். அரசு வக்கீல் ஹிதாயத்துல்லா போனில் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"பாப்பா நேத்து கோர்ட்டுல மாத்திச் சொல்லிருச்சும்மா. ஒண்ணுமே நடக்கலைன்னுருச்சு."

"எந்தப் பாப்பா சார்?"

"நீதாம்மா" என்றார் அவர்.

குணசீலன் திண்டுக்கல்லில் செஸ் வகுப்பு நடத்தியவன். பெயர் வைத்த பெற்றோரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர்கள் ஆசையாகத்தான் வைத்திருப்பார்கள். தன்னிடம் படிக்க வந்த ஒன்பது வயதுச் சிறுமிக்கு அவன் இழைத்த கொடுமைக்காக இருபது வருடச் சிறைத்தண்டனை பெற்றான். அந்தச் சிறுமிதான் சஷ்டிகா. பன்னிரண்டு வருடம் உள்ளே இருந்தவனின் மேல்முறையீடு, நம் ஊர் வழக்கப்படி ஆடி அசைந்து, இப்போதுதான் விசாரணைக்கு வந்திருந்தது.

அவன் மீதான வழக்கு நடந்த வருடம் ஒருமுறைச் சாட்சிச் சட்டம் புதிதாக வந்திருந்தது. அதற்கு முன்பெல்லாம் இப்படிப்பட்ட வழக்கில் ஒரு குழந்தை போலீஸிடம் ஒரு தடவை, டாக்டரிடம் ஒரு தடவை, மாஜிஸ்திரேட்டிடம் ஒரு தடவை, எதிர்த்தரப்பு வக்கீலிடம் நாலு தடவை என்று ஒரே நரகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியாக வேண்டும். மேல்முறையீட்டில் மறுவிசாரணை என்று வந்துவிட்டால், கல்யாண வயதில் இன்னொரு தடவை. புதுச் சட்டம் இதற்கெல்லாம் முற்றுப்புள்ளி வைத்தது. குழந்தை ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். சொல்லும்போதே ஒரு கருவி அதன் குரல், முகம், நினைவு, பயம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, திரைக்குள் அந்தக் குழந்தையின் பிரதி ஒன்றை உண்டாக்கிவிடும். வெறும் வீடியோ அல்ல அது. புதிதாக ஒரு கேள்வி கேட்டாலும் அந்தக் குழந்தை என்ன பதில் சொல்லுமோ அதைச் சொல்லும். அதன் பிறகு எந்தக் கோர்ட்டுக்கு என்ன சந்தேகம் வந்தாலும் பிரதியைத்தான் கேட்க வேண்டும். நிஜக் குழந்தையைக் கூப்பிடவே கூடாது.

அந்த ஒரே தடவைக்கு சஷ்டிகாவைத் தயார் செய்தவர் பிலோமினா அக்கா. கோர்ட் நியமித்த ஆதரவாளர். பதினோரு நாள் வீட்டுக்கு வந்து, வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், தாயம் விளையாடித் தோற்றுக்கொண்டே இருந்தார். பன்னிரண்டாம் நாள், "இதான் கடைசி பாப்பா. இன்னைக்குச் சொல்லிட்டேன்னா இனிமே ஆயுசுக்கும் ஒன்னைய யாரும் கேக்க மாட்டாங்க. அக்கா சத்தியம்" என்றார்.

சத்தியம் பலித்தது. யாரும் கேட்கவில்லை. சஷ்டிகா பள்ளிக்கூடம் போனாள், கண் பரிசோதனைப் படிப்பு படித்தாள், வேலைக்கு வந்தாள். கிறிஸ்துமஸுக்கு அக்காவிடமிருந்து கேக் வரும், தீபாவளிக்கு இவள் வீட்டிலிருந்து அதிரசம் போகும். எங்கோ ஒரு திரைக்குள் தன் பிரதி ஒன்று இருக்கிறது என்பதை, கூரைமேல் விட்டெறிந்த பால்பல்லை மறப்பதுபோல மறந்தே போயிருந்தாள்.

மறுநாள் மதுரையில் வக்கீலின் அறையில், கோர்ட் விசாரணையின் பதிவில், அந்தப் பால்பல்லைப் பார்த்தாள். இரட்டைச் சடை, ரோஸ் நிறக் கவுன், கழுத்தில் மணிமாலை. திரைக்குள் ஒரு நாற்காலியும் ஒரு ஜன்னலும் மட்டும். ஜன்னலில் காலைப் பத்தரை மணி வெயில். அன்றைக்குச் சாட்சி சொன்ன நேரம் அது.

எதிர்த்தரப்பு வக்கீல் வரதராஜன் பொறுமையாக எழுந்து, "அந்த செஸ் மாஸ்டர் ஒன்னைய ஏதாவது பண்ணுனாராம்மா?" என்று கேட்பது பதிவில் ஓடியது.

"ஒண்ணும் பண்ணல சார். ஒண்ணும் நடக்கல. நான் போகவா?"

சஷ்டிகா வேறு யார் கைவிட்டிருந்தாலும் தாங்கியிருப்பாள். அப்பா பக்கத்துச் சொந்தம் பாதி கைவிட்டதைத் தாங்கியவள்தான். இது தன் முகம், தன் குரல், தன் வாய்.

"என்ன சார் இது? என்னையவே காட்டிக்குடுத்துட்டா. இவ யாரு பக்கம்?"

"அதைத்தான் ஜட்ஜம்மாவும் யோசிக்கிறாங்க" என்றார் ஹிதாயத்துல்லா. "ஒரே சாட்சி ரெண்டு விதமாச் சொன்னா சந்தேகத்தோட பலன் எதிரிக்குத்தான் போகும். இன்னும் மூணு வாரம் வாய்தா. அதுக்குள்ள நாம ஒண்ணும் பண்ணலைன்னா அவன் வெளிய வந்துருவான். 'பிள்ளையோட மனசாட்சி இப்பத்தான் பேசுது'ன்னு வரதராஜன் வாதாடுறாரு."

"நான் வந்து சொல்றேன் சார். எனக்குத் தெரியாதா?"

"சட்டம் ஒன்னைய உள்ளயே விடாதும்மா. யாரும் ஒன்னைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதான் அந்தக் கதவையே பூட்டுனாங்க. ஒரே ஒரு விலக்கு இருக்கு. பதினெட்டு வயசு முடிஞ்ச சாட்சி தானா மனு போட்டு, நானே சொல்றேன்னு வரலாம். வந்தா பிரதிய மூடிரணும். ஒரு சாட்சிக்கு ஒரு வாய்தான். அப்புறம் சுப்ரீம் கோர்ட், சீராய்வு, பரோல்னு எத்தனை வந்தாலும் ஒன்னையத்தான் கூப்பிடுவாங்க."

பன்னிரண்டு வருடமாக வாய்க்குள் வராமல் வைத்திருந்த சொற்களை வரதராஜன் முன்னால் வைப்பதைச் சஷ்டிகாவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"பழசெல்லாம் அழிச்சிட்டு, முதல் நாள் மாதிரி ஆக்க முடியாதா சார்?"

"அழிச்சா சாட்சியக் கலைச்ச குத்தம். பிரதிகிட்ட யார் என்ன கேட்டாலும் அது ஞாபகத்துலயே இருக்கும், இருக்கணும்." அவர் பதிவைக் கொஞ்சம் பின்னால் ஓட்டினார். வரதராஜன் வாய் திறப்பதற்கு முன்பே அந்தச் சிறுமி, "முதல்லேருந்தா சார், இல்ல படிக்கட்டுலேருந்தா?" என்று கேட்டாள். "இதைக் கவனிச்சியாம்மா? கோர்ட்டுல நாங்க கேட்டது இந்தப் பன்னெண்டு வருஷத்துல மொத்தம் நாலு தடவைதான். நாலு தடவை கேட்ட பிள்ளை இப்படிக் கேக்காது. சாட்சி இல்லத்துல வருகைப் பதிவேடு இருக்கும். நான் கேட்டா இழுத்தடிக்கிறாங்க. நீ கேட்டா தந்தாகணும், ஒன் சாட்சி."

பிரதிகளைப் பாதுகாப்பதற்கென்று ஒரு அறக்கட்டளை நடத்திய இடம் அந்தச் சாட்சி இல்லம். வாசலில் செம்பருத்தி, சுவரில் சிரிக்கும் பிள்ளைகளின் படம். நிர்வாகி வேறு யாருமில்லை, பிலோமினா அக்காதான். தலை பாதி நரைத்திருந்தது. சஷ்டிகாவைக் கண்டதும் எழுந்து வந்து கன்னத்தைப் பிடித்தார்.

"என்ன பாப்பா இப்படி இளைச்சுட்ட? சாப்பிட்டியா?"

பதிவேடு என்றதும் அவர் கை கன்னத்திலிருந்து இறங்கிவிட்டது. ஆனால் மறைக்கவில்லை. எடுத்து வந்து மேஜையில் வைத்தார். நீதிமன்றம், நான்கு. பயிற்சி, முந்நூற்று எட்டு.

"பயிற்சின்னா?"

"புது வக்கீலுங்க, புது மாஜிஸ்திரேட்டுங்க, பெண் போலீஸ். குழந்தைகிட்ட எப்படிக் கேக்கணும்னே அதுகளுக்குத் தெரியாதும்மா. பழகணும்ல. நெசமான பிள்ளைகிட்டப் போயா பழகச் சொல்றது? ஒருத்தன் கேட்ட ஒரு கோணல் கேள்வியில ஒரு பிள்ளை ஆறு மாசம் வாயே திறக்கல, என் கண்ணால பாத்தேன். இது பிரதிதானே, வலிக்காதுன்னு நெனச்சோம். நீதிக்காகப் பயன்படுத்தலாம்னு சட்டத்துலயே ஒரு வரி இருக்கு. நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

"முந்நூத்தி எட்டுத் தடவையா?"

"ஒன்னால எத்தனையோ பிள்ளைங்க பொழைச்சிருக்கு பாப்பா. இங்க பழகிட்டுப் போனவங்க நல்லாக் கேக்குறாங்க."

அக்கா பொய் சொல்லவில்லை என்பது சஷ்டிகாவுக்குத் தெரிந்தது, அதுதான் இன்னும் எரிந்தது. கெட்டவன் கழுத்தறுத்தால் அவனைத் திட்டிவிட்டுப் போகலாம். தாயத்தில் வேண்டுமென்றே தோற்றுக்கொடுத்தவள் அறுத்தால் எங்கே போய்ச் சொல்வது?

"இங்க நூத்துக்கணக்குல பிரதி இருக்கே. ஏன் என்னோடது?"

பிலோமினா அக்கா முதல்முறையாகத் தலையைக் குனிந்துகொண்டார். "மத்த பிள்ளைங்க பாதியிலயே அழுதுரும். நீதான் அழாமத் தெளிவாச் சொல்லுவ."

அன்றைக்குச் சாட்சி முடிந்து வெளியே வந்தபோது, 'என் தங்கம் எவ்வளவு தெளிவாச் சொல்லுச்சு' என்று அக்கா தூக்கி வைத்துக் கொஞ்சியது சஷ்டிகாவுக்கு ஞாபகம் வந்தது. பன்னிரண்டு வருடமாக அவள் பத்திரமாக வைத்திருந்த பாராட்டு அது ஒன்றுதான். அதுவும் போயிற்று.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா."

"ஒன்னையக் கேக்கவே மாட்டோம்னு சத்தியம் பண்ணிருந்தேனே பாப்பா" என்றார் அவர். கேலியில்லை, சமாளிப்பில்லை. மனதார நம்பித்தான் சொன்னார்.

சஷ்டிகா எழுந்தாள். "இனிமே ஒங்க மொகத்துல முழிக்க மாட்டேன். கேக்கு கீக்கு அனுப்பாதீங்க. அவளப் பாக்கணும். எந்த ரூம்பு?"

பார்க்கப் போனது கோபத்தோடுதான். முந்நூறு தடவை கேட்டாலும் உண்மை உண்மைதானே, அதை எப்படி இல்லை என்று சொல்வாய் என்று ஒன்பது வயதைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. திரை விழித்தது. அதே கவுன், அதே பத்தரை மணி வெயில். சிறுமி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க எத்தனையாவது அக்கா?"

"என்னது?"

"முன்னாடி வந்த அக்கா முந்நூத்திப் பத்து. அப்புறம் ரெண்டு சாரு. முதல்லேருந்தா, படிக்கட்டுலேருந்தா?"

"நான் ஒன்னையக் கேக்க வரல."

"எல்லா அக்காவும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க" என்று சிறுமி சலித்துக்கொண்டாள். "அப்புறம் ஒனக்குப் பிடிச்ச கலர் என்னன்னு கேப்பாங்க. ஊதா. ஃபிரெண்டு பேரு ஜெசிந்தா. போதுமா? இப்பச் சொல்லவா?"

இந்தப் பிள்ளைக்கு இந்தப் பன்னிரண்டு வருடத்தில் பள்ளிக்கூடம் இல்லை, தீபாவளி இல்லை, ஒரு ஐஸ்கிரீம் இல்லை என்பது அப்போதுதான் சஷ்டிகாவுக்கு உறைத்தது. திரை விழிக்கும்போதெல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்திருப்பார். கேட்பார். போவார். அடுத்த நொடியே இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். அதன் வாழ்க்கையே அவ்வளவுதான். கோபம் போன இடம் தெரியவில்லை.

"கோர்ட்டுல ஏன் ஒண்ணும் நடக்கலைன்னு சொன்ன?" கேட்ட பிறகுதான், தானும் கேள்விதான் கேட்கிறோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அப்படிச் சொன்னேனா, அந்த சாரு 'அவ்வளவுதான் மை லார்ட்'னு உடனே உக்காந்துட்டாரு. அவ்வளவு சீக்கிரம் யாருமே விட்டதில்ல." சிறுமி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒங்களுக்கு எப்படிச் சொன்னா விடுவீங்க? அப்படிச் சொல்றேன்."

நான்தான் நீ என்று சொல்லலாம் என நினைத்தாள். சொல்லாமலே திரையை அணைக்கும் பொத்தானைத் தேடிக் கண்டுபிடித்து அழுத்திவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்து நேராக ஹிதாயத்துல்லாவிடம் போனாள்.

"மனு போடுங்க சார். அவள மூடிருங்க. நான் சொல்றேன்."

"நல்லா யோசிச்சியாம்மா? வரதராஜன் சும்மா விடமாட்டாரு."

"யோசிச்சா பயம் வந்துரும் சார். இப்பவே எழுதுங்க."

அம்மா அழுது பார்த்தாள். "ஒனக்குத்தான் அது முடிஞ்சு போச்சேடி, அந்த மிஷினு என்ன ஆனா ஒனக்கென்ன?" என்றாள். சஷ்டிகா கேட்கவில்லை. விசாரணைக்கு மிச்சமிருந்த இரண்டு வாரமும் வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முதலிலிருந்து, அந்த செஸ் வகுப்புப் படிக்கட்டிலிருந்து என்று உதடு அசையாமல் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அந்த வகுப்பறைக் கதவு வரைக்கும்தான் போக முடிந்தது.

விசாரணை நீதிபதியின் அறைக்குள் நடந்தது. நீதிபதி அம்மா, இரண்டு வக்கீல்கள், ஒரு எழுத்தர், ஒரு திரை. பதிவேட்டைத் தாக்கல் செய்ய வரச் சொல்லியிருந்ததால் பிலோமினா அக்கா வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சஷ்டிகா அவரைப் பார்க்காததுபோல் கடந்து உள்ளே வந்தாள்.

தீர்ப்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு அதை முதலிலேயே சொல்லிவிடலாம். குணசீலனின் மேல்முறையீடு தள்ளுபடி ஆனது. முந்நூற்று எட்டுப் பயிற்சிகளை நீதிபதி அம்மா தம் தீர்ப்பில் நாலு பக்கத்துக்குக் கிழித்துத் தோரணம் கட்டினார். சாட்சி இல்லம் பூட்டப்பட்டது. பேப்பரில் எல்லாம் வந்தது. அந்த அறைக்குள் நடந்தது மட்டும் எந்தப் பேப்பரிலும் வரவில்லை.

பிரதியை மூடுவதற்கு முன்னால் அதனிடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று சட்டத்தில் ஒரு விதி உண்டு. யாரோ ஈரமுள்ள மனிதர் எழுதி வைத்திருக்கிறார். திரை விழித்ததும் நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்.

"கண்ணு, இந்த அக்கா வேற யாருமில்ல. நீதான், பெரியவளா ஆனப்புறம். இனிமே நீ யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல. தூங்கலாம்."

சிறுமி சஷ்டிகாவை வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். மேஜைமேல் இருந்த அவள் கைகளைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள்.

"முடிய வெட்டிட்டேனா?"

"ஆமா" என்றாள் சஷ்டிகா.

"ஸ்கூலுக்குத் திரும்பப் போனேனா? எல்லாரும் பாத்தாங்களா?"

"கொஞ்ச நாள் பாத்தாங்க. அப்புறம் மறந்துட்டாங்க. ஜெசிந்தா மட்டும் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டா."

சிறுமி முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. முந்நூற்றுச் சொச்சம் பேர் கேட்டும் அவளிடம் ஒரு சேதியாவது சொன்ன ஆள் இவள்தான் முதல். பிறகு அவள் நீதிபதி பக்கம் திரும்பினாள்.

"நான் தூங்கிட்டா அப்புறம் யாரைக் கேப்பீங்க?"

"இவங்களை."

"எத்தனை தடவை?"

நீதிபதி அம்மா வரதராஜனைப் பார்த்தார், ஹிதாயத்துல்லாவைப் பார்த்தார். அவர் நினைத்திருந்தால் ஒரே ஒரு தடவை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "எனக்குத் தெரியல கண்ணு" என்றார்.

திரைக்குள் சிறுமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சடையை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டாள். "அப்ப வேணாம். அவங்களக் கேக்காதீங்க. இனிமே கேக்க மாட்டோம்னு பிலோமினா அக்கா சொல்லிருக்காங்கல்ல? நானே சொல்றேன்."

"ஒண்ணும் நடக்கலைன்னு போன தடவை சொன்னியே?" என்று கேட்டார் நீதிபதி அம்மா.

"அது சும்மா. விட்டுருவாங்கன்னு சொன்னேன். நடந்துச்சு. முதல்லேருந்து சொல்றேன், எழுதிக்கங்க."

அறையில் எல்லோரும் சஷ்டிகாவைப் பார்த்தார்கள். மனு அவளுடையது. வேண்டாம், மூடுங்கள், நான்தான் சொல்வேன் என்று ஒரு வார்த்தை அவள் சொன்னால் போதும். அதைச் சொல்லத்தான் வந்திருந்தாள். வாயைத் திறந்தாள். நெஞ்சுக்குள் இரண்டு வாரமாக ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல் அப்படியே இறங்குவது தெரிந்தது. அந்த நிம்மதியை அவளால் விட முடியவில்லை. வெட்கமாக இருந்தது, இருந்தும் விட முடியவில்லை.

"மனுவை வாபஸ் வாங்கிக்கிறியாம்மா?" என்று ஹிதாயத்துல்லா மெதுவாகக் கேட்டார்.

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள்.

"நீங்க வெளிய போங்க" என்றாள் சிறுமி, ஒரு மூத்தவளின் அதிகாரத்தோடு. "நீங்க இதெல்லாம் கேக்க வேணாம்."

சஷ்டிகா போனாள். கதவைச் சாத்தும்போது, "அன்னைக்கு சனிக்கிழமை" என்று உள்ளே அந்தக் குரல், அழாமல், தெளிவாக ஆரம்பிப்பது கேட்டது. வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்சுதான் இருந்தது. பிலோமினா அக்கா அவள் முகத்தைப் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

சஷ்டிகா அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.